கொண்டியை நான்தான் போட்டேன்

அவன் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. மூன்று பந்தயங்களை நான் ஓட்டி ஜெயித்தேன். மூன்று கோப்பைகளிலும் அவன் பெயரைத்தான் பொறித்தார்கள். இந்தப் பக்கங்கள் என்னுடையவை, இதில் அவன் வெறும் மாமா பையன். அவனுக்கு இல்லாத பெயர் எனக்கு மட்டும் எதற்கு என்று என்னுடையதையும் விட்டுவிடுகிறேன். சலூன் கார் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

இப்போது மைக்கை நீட்டும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க? "தோட்டத்துல லாரி ஓட்டினேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அது பொய்யில்லை, பாதிதான். மீதிப் பாதியைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வராது.

ரந்தாவ் என்கிற சின்ன டவுனுக்கு வெளியே இருந்த தோட்டத்தில் அப்பா குலை லாரி ஓட்டினார். வெட்டிய செம்பனைக் குலைகளை ஏற்றித் தோட்டத்து ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுகிற லாரி. எனக்குப் பத்தொன்பது வயதானபோது அவருடைய முழங்கால் கிளட்சை மிதிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தோட்டத்தில் வேறு ஆள் தேடுவதற்குள் நான் சாவியை எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் வெட்டுக்காரர்கள் எல்லாரும் லாரியைக் கண்டால் வாய்க்காலைத் தாண்டிக் குதித்து நின்றார்கள். இரண்டாவது வாரம் நிற்கவில்லை.

மழை பெய்த மறுநாள் பாரம் ஏற்றிய லாரியைச் செம்மண் சரிவில் இறக்கினால் பின்பக்கம் தனியாகக் கிளம்பி வரும். அப்போது பயந்து பிரேக்கை மிதித்தால் வாய்க்காலுக்குள்தான் போக வேண்டும். காலை எடுத்துவிட்டு, சறுக்குகிற பக்கமே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, சக்கரத்துக்குப் பிடி கிடைக்கிற வரை பொறுத்திருக்க வேண்டும். மஞ்சள் களி வழுக்கும், கல் கலந்த சிவப்பு மண் பிடிக்கும். ஒரு வருடம் போனதும் மண்ணின் நிறத்தைப் பார்த்தாலே என் கால் தானாக வேலை செய்தது. நான் படித்த பந்தயப் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ரந்தாவில் கார்ப் பட்டறை வைத்திருந்தார். அவருடைய மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். என் உயரம், என்னைப் போலவே ஒல்லி. அவனுக்கு நான், எனக்கு அவன் என்று சின்ன வயதிலிருந்தே இரண்டு வீட்டிலும் பேச்சு. எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் யாராவது ஓர் அத்தை என் கன்னத்தைக் கிள்ளி அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். எனக்கும் ஆசை இருந்தது. இருக்கவே இல்லை என்று இப்போது சொல்லிக் கௌரவமாகத் தப்பித்துக்கொள்ளலாம். இருந்தது.

அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் வயதான செம்பனைகளைச் சாய்த்துவிட்டு மறுநடவுக்காக ஒரு பெரிய மேட்டைக் காலி செய்திருந்தார்கள். கன்றுகள் வரும் வரை சும்மா கிடந்த நிலத்தில் ஒரு கார் சங்கம் அனுமதி வாங்கிப் பந்தயத் தடம் போட்டது. பழைய சலூன் கார்களின் சீட்டுகளைக் கழற்றிப்போட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வைத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓட்டுகிற பந்தயம். மாமாவும் ஒரு காரைத் தயார் செய்தார். மகனைச் சாம்பியன் ஆக்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒத்திகையில் மகன் ஒவ்வொரு வளைவையும் தூரத்தில் கண்டதுமே பிரேக்கில் ஏறி நின்றான். மாமா கைப்பேசியில் நேரம் பார்த்துப் பார்த்து எரிச்சலானார். கடைசியில் காரைப் பட்டறை லாரி பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என்னிடம் சாவியைக் கொடுத்தார். நான் குறுக்கே போகாமல் முழுத் தடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினேன். மாமா கைப்பேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கைப்பேசியைப் பார்த்தார்.

"இன்னொரு ரவுண்டு போம்மா."

போனேன். அது முதல் சுற்றைவிட வேகம்.

அன்று சாயங்காலம் பட்டறையில் வைத்து மாமா பேச்செடுத்தார். "பொம்பளப் புள்ள பேரப் போட்டா எந்த ஸ்பான்சர்மா வருவான்? நீ ஓட்டு. பேரு மட்டும் அவன் பேரா இருக்கட்டும்லா. ஹெல்மெட்ட போட்டுட்டா எவனுக்குத் தெரியப் போவுது?"

"அப்ப கப்பு, மாமா?"

"கப்பு எங்கம்மா போயிடப் போவுது? நீ வாழப் போற வூட்டுலதானே இருக்கப் போவுது."

இதில்தான் நான் விழுந்தேன். வேறு யார் இப்படிக் கேட்டிருந்தாலும் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன். மாமா வீடு என்றால் எங்கள் பக்கத்துப் பெண்ணுக்குப் பாதி சொந்த வீடு. முறை இருக்கும்போது யார் பெயரில் இருந்தால் என்ன என்றுதான் எனக்கும் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை.

பட்டறையில் டயர் ஏற்றுகிற மூடிய லாரி ஒன்று இருந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் ஓர் இரும்புக் கொண்டி. ஒரே மாதிரி இரண்டு பந்தய உடுப்பு, ஒரே ஒரு ஹெல்மெட். காலையில் அவன் உடுப்போடு நாலு பேர் பார்க்கக் கைகாட்டிவிட்டு லாரிக்குள் ஏறுவான். உள்ளே ஏற்கெனவே உடுப்பு மாட்டி உட்கார்ந்திருக்கும் நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். பந்தயம் முடிந்ததும் காரை லாரிக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு உள்ளே ஏறுவேன். அவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றி, வேர்த்தவனைப் போல இறங்கிப் போவான்.

முதல் தடவை ஜெயித்த அன்று நான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து என் கைதட்டலைக் கேட்டேன். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள். உள்ளே ரப்பர் நாற்றம், கொதிக்கிற தகரம். முதுகு முழுக்க எனக்கு உண்மையான வேர்வை. அன்றைக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, என் மடத்தனத்துக்கு.

மூன்றாவது வெற்றிக்கு அப்புறம் பட்டறையில் கோழிக்கறிச் சாப்பாடு. அவன் எலும்பைக் கடித்தபடி சொன்னான், "மூணாவது வளைவுல நான் கொஞ்சம் லேட்டா திரும்பிட்டேன். இல்லன்னா இன்னும் ரெண்டு செகண்டு கொறஞ்சிருக்கும்."

விருந்தாளிகளிடம் சொல்லியிருந்தால் நடிப்பு என்று விட்டிருப்பேன். பட்டறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவன் என்னிடம் சொன்னான். என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

அந்த மூன்று வெற்றிகளும் பாரோய் பக்கம் டயர் கடைகள் வைத்திருந்த ஒரு பெரியவரின் காதுக்குப் போயின. அவர் காருக்கு ஸ்பான்சராக வந்தார், பிறகு மகளையும் தருகிறேன் என்று வந்தார். நிச்சயம் முடிந்த மறுநாள்தான் எங்கள் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது. அம்மா செருப்புகூடச் சரியாக மாட்டாமல் தம்பி வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்து சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

"லாரி ஓட்டுற பொண்ணு எங்க குடும்பத்துக்குச் சரிப்பட்டு வராதுக்கான்னு சொல்றான்."

நான் ஓட்டிய ஓட்டத்துக்கு வந்த சம்பந்தம் அது. அதைக் கொண்டு என்னையே வெளியே தள்ளிவிட்டார்கள்.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் அழுகிறாள் என்பார்கள். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் நடுவில் மூன்று கோப்பைகளையும் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அவற்றை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தது. சந்தனம் பூசிய விரலால் அவன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன்.

ஒரு மாதம் கழித்து மாமாவே வீட்டுக்கு வந்தார். இறுதிப் பந்தயத்தில் ஜெயித்தால் அந்த வருடத்துச் சாம்பியன் பட்டம். சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்க்க வருகிறார்களாம்.

"இந்த ஒரு தடவ மட்டும்மா. மாமாவுக்காக."

வெட்கமே இல்லாமல் என் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, என் அம்மா கலக்கிய தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் உடனே, "சரி மாமா" என்றேன். அந்த உடனேயில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய மனிதர்.

பந்தயத்தன்று காலை வழக்கம் போல அவன் லாரிக்குள் வந்தான். கழுத்தில் புதுச் சங்கிலி. "ஜாக்கிரதையா ஓட்டு, அவங்கல்லாம் வந்திருக்காங்க" என்றான். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி, கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டேன். இத்தனை நாளும் சும்மா சாத்திவிட்டுத்தான் போவேன். கொண்டி துருப்பிடித்திருந்தது, இரண்டு தடவை தட்ட வேண்டியிருந்தது. இறங்கும் சத்தம் என்று நினைத்திருப்பான்.

முந்தின நாள் மழை. தடத்தில் பாதிக்கு மேல் மஞ்சள் களி தெரிந்தது. மற்ற கார்கள் நடுத்தடத்தில் அடித்துக்கொண்டு சுற்ற, நான் யாரும் போகாத வெளி ஓரத்தில் கல் மண்ணைப் பிடித்துக்கொண்டு போனேன். பத்துச் சுற்றில் ஆறாவது சுற்றிலேயே எனக்கு முன்னால் யாரும் இல்லை. மீதி நான்கும் நான் எனக்காக ஓட்டியவை.

முடிந்ததும் காரை லாரிப் பக்கம் திருப்பவில்லை. நேராக மேடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஹெல்மெட்டோடு மேலே ஏறினேன். அறிவிப்பாளர் அவன் பெயரைக் கத்தினார். புது மனைவி மாலையோடு படியில் நின்றாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தது. அதற்குள் தூரத்தில் லாரித் தகரத்தை யாரோ தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தார். "வேணாம்மா. கழட்டாத. மாமா சொல்றேன் கேளு" என்றார். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

கழற்றினேன்.

மாலை வைத்திருந்தவள் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். சங்கத்து ஏற்பாட்டாளர் மலாயில், "நீ யார்?" என்று கேட்டார். நான் மைக்கை வாங்கி என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். "போன மூணும் நான்தான் ஓட்டினேன். பேருக்குச் சொந்தக்காரரு அந்த லாரிக்குள்ள இருக்காரு, போய்த் தொறந்து விடுங்க" என்றேன்.

யாரோ ஓடிப்போய்க் கொண்டியை நீக்கினார்கள். அவன் இறங்கினான். என்னுடையதைப் போலவே உடுப்பு, அதில் ஒரு துளிச் சேறு இல்லை. முகத்தில் மட்டும் பாட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.

சங்கம் விசாரித்தது. நான்கு பந்தய முடிவுகளும் ரத்து. ஆள்மாறாட்டத்துக்கு அவனுக்கு இரண்டு வருடத் தடை, எனக்கு ஒரு வருடம். இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தேதான் கழற்றினேன். அவன் பெயரில் நாலு வெற்றி இருப்பதைவிட யார் பெயரிலும் இல்லாமல் போகட்டும் என்றிருந்தது. பந்தய உலகில் என் பெயர் முதலில் அச்சில் வந்தது அந்தத் தடைக் கடிதத்தில்தான். அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பேர சரியா போட்டிருக்கான்" என்றார். அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் கோப்பைகளுக்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு வருடம் குலை லாரி. அடுத்த வருடம் நானே கட்டிய கார், என் பெயர். அதற்கடுத்த வருடம் பட்டம். அவன் தடை முடிந்தும் வரவில்லை. மாமா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, எனக்கும் அவரிடம் பேச ஒன்றுமில்லை. அம்மா மட்டும், "மன்னிச்சிடேன்" என்று எப்போதாவது சொல்வாள். கேட்டவர் யாரும் இல்லாதபோது எதை மன்னிப்பது?

போன மாதம் தோட்டத்துக் கோயிலில் பால்குடம். அவனும் வந்திருந்தான். கூட ஏழு வயது மகள். அவள் கூட்டத்தில் புகுந்து என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, ஒங்கள டிவில பாத்தேன்!"

பெரியம்மா. முறைப்படி சரிதான். அவளுடைய அப்பாவைக் கட்டியிருக்க வேண்டியவளுக்கு எங்களில் அம்மா ஸ்தானம்தான். எனக்கு அது சுருக்கென்றது.

"ஒங்களுக்கு கார் ஓட்டக் கத்துக் குடுத்தது எங்கப்பாதானாமே?"

அவன் நாலடி பின்னால் நின்றான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. மூன்றாவது வளைவு ஞாபகம் வந்தது.

"ஒங்கப்பாவையே கேளும்மா. அவரு என்ன செஞ்சாருன்னு அவரே சொல்லட்டும். நான் இங்கதான் நிக்கிறேன்."

"அப்புறம் சொல்றேன்லா, வா, சாமி கும்புடலாம்" என்று அவள் கையைப் பிடித்தான். பிள்ளை நகரவில்லை. நானும் நகரவில்லை. கையிலிருந்த மோரை மெதுவாகக் குடித்தேன்.

"பெரியம்மாதான் ஓட்டினாங்க" என்றான் கடைசியில். "அப்பா லாரிக்குள்ள உக்காந்திருந்தேன்."

"ஏன்பா?"

அவள் அவன் கையை ஆட்டி ஆட்டித் திரும்பவும் கேட்டாள். நான் உதவிக்குப் போகவில்லை. பிறகு அவளே சலித்துப்போய் அவன் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை உருவி அவன் கையில் திணித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள்.

"நீங்க தள்ளிப் போங்கப்பா. எங்க ரெண்டு பேர மட்டும் எடுங்க."

அவன் தள்ளிப் போய் எடுத்தான்.