மடி என்ற சொல்

காலை மணி ஒன்பது இருபது. குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டவை, சமையலறை வாசற்படியருகே தூக்கியிருந்த இரண்டு சிறிய கைகள். என் மகள் படிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம், அடுப்பின் முன், அவள் அம்மா.

"மடி" என்றாள் அம்மா, திரும்பாமல்.

கைகள் இன்னும் கொஞ்சம் உயர்ந்தன.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: குளித்து, யாரும் தொடாமல் உலர்த்திய புடவையை உடுத்தியிருக்கிறேன், பெருமாளுக்குத் தளிகை சமைத்து முடிகிறவரை என்னைத் தொடாதே. மகளுக்கு அது உட்காரும் இடம். இரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் கால்கள் இரண்டையும் செயலில்லாமல் ஆக்கிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு யாராவது ஒருவர் மடியில்தான் வளர்ந்தாள். 'மடி' என்று சொன்னால் 'வா' என்று கூப்பிடுவதாக வெகுநாள் நினைத்திருந்தாள். ஏழு வயதில் அர்த்தம் தெரியும். தெரிந்தேதான் கையைத் தூக்கினாள்.

அன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். மண்டி மொஹல்லா என்ற எங்கள் பேட்டையிலேயே, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தலைமை ஆசிரியை சேர்த்துக்கொள்ளவே தயங்கினார். பிறகு கன்னடத்தில் ஒரு நிபந்தனை சொன்னார்: "ஒரு மாதம் பார்க்கிறேன். பத்து மணிக்கு மணி அடிக்கும்போது குழந்தை பெஞ்சில் இருக்க வேண்டும். மூன்று நாள் தவறினால் பெயரை எடுத்துவிடுவேன். மற்றப் பெற்றோருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது."

எதற்குப் பதில் என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பதுதான் என் தொழில்.

அவளைத் தூக்கிப்போக என்னைத் தவிர ஆள் இல்லை. கணவனை இழந்த என் அக்கா எங்களோடு இருந்தாள்; ஆனால் வாசல் தாண்ட மாட்டாள். நாளுக்கு ஒரு வேளை சாப்பாடு. அதுவும் மடியாகச் சமைத்ததுதான். சமைக்கும்போது என் மனைவி குழந்தையைத் தொட்டால் மறுபடி குளித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கோ மாலைப் பத்திரிகையில் வேலை. பதினோரு மணிக்குப் போனால் போதும்.

அந்த முதல் நாளே, அவளைத் தோளில் தூக்கிப் போனபோது, வழியிலிருந்த வெல்ல மண்டிக்காரர் கடை வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "என்ன ஸ்வாமி, பேப்பர் ஆபீஸை விட்டாச்சா? மூட்டை எந்த மண்டிக்குப் போறது?"

கூலிக்காரர்கள் சிரித்தார்கள். என் தோளிலிருந்து மகள் சொன்னாள்: "இந்த மூட்டை கடிக்கும்!"

சிரிப்பு இரட்டித்தது. அவளும் சிரித்தாள். சரிகைத் தலைப்பாகையும் கோட்டுமாக இருந்த நான் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து, அந்தக் கடையில் வியாபாரம் சூடு பிடிக்கும்வரை தெரு முனையில் நின்றேன். பெரும்பாலும் நேரத்துக்குப் போய்விட்டோம். இரண்டு முறை, போவதற்குள் மணி அடித்துவிட்டது. பெஞ்சில் இறக்கி உட்கார வைத்தபோது மகள் என் காதில் சொன்னாள், முதல் முறை "அப்பா, ஒண்ணு." அடுத்த முறை "அப்பா, ரெண்டு."

மூன்றாவது முறை நான் தெருவிலேயே இல்லை. ஒன்பது மணிக்கே கோட்டைப் போட்டுக்கொண்டேன்.

"அவசரமா ஒரு புரூஃப் பார்க்கணும்" என்றேன்.

"குழந்தை?" என்றாள் மனைவி.

"ஒரு நாள்தானே."

"இது மூணாவது நாள்."

"அந்த அம்மா சும்மா மிரட்டறா. அப்படியெல்லாம் எடுத்துட மாட்டா."

புரூஃப் எதுவும் இல்லை. ஆபீஸ் பூட்டியிருந்தது. பியூன் சாவியோடு வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நடந்ததில் பாதி அக்கா சொன்னது, பாதி மண்டிக்காரர் சொன்னது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மகள் வாசற்படியில் கையைத் தூக்கினாள். மனைவி வாய் திறப்பதற்குள் அக்கா கூடத்திலிருந்து "மடி" என்றாள்.

"நானும் அதைத்தான் கேக்கறேன், அத்தை" என்றாள் மகள்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். படியைத் தாண்டி வந்து குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் ஓடினாள். மண்டிக்காரர் குறுக்கே நின்ற வண்டியைத் தள்ளச் சொல்லி வழி விட்டாராம். பள்ளிக்கூடத்து வாசலை அடைந்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. தலைமை ஆசிரியை சொன்ன சொல் தவறாதவர்.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். அடுப்பு அணைந்து கிடந்தது. அக்கா அன்று பட்டினி. கூடத்தில் மனைவி மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் தூங்கிவிட்டிருந்தாள்.

நான் முதலில் கேட்டது இது: "தளிகை ஆகலையா?"

"தொட்டுட்டேன்" என்றாள் மனைவி.

மறுநாள், பெஞ்சில் விட்டுவந்த சிலேட்டை வாங்கிவரப் போனேன். ஆஜர் புத்தகம் மேசைமேல் திறந்திருந்தது. மகளின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது மொத்தம் பதினேழு நாள்.