நயீம் கொடுத்த தொப்பி

தேவானந்தத்துக்கு இருபத்தைந்து வயதிலேயே முன்மண்டை வெளிச்சம் காட்ட ஆரம்பித்துவிட்டது. முப்பத்துமூன்றில் காதுக்கு மேலே வேலி மாதிரி கொஞ்சம் முடிதான் மிச்சம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் அவன். தோலை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, உண்ணி கடித்த புள்ளியோ அம்மைத் தழும்போ கண்ணில் பட்டால் 'ரிஜெக்ட்' என்று ஓரமாகத் தள்ளுவதுதான் வேலை. கல்யாண விஷயத்தில் பெண் வீட்டுக்காரர்கள் அவனையும் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். குடி கிடையாது, பீடி கிடையாது, ஞாயிறு தவறாமல் சர்ச், பாடகர் குழுவில் கணீரென்ற குரல். ஆனால் என்ன செய்ய, குரலைப் பார்த்தா பெண் கொடுக்கிறார்கள்?

அக்கா ஜெயபுஷ்பம் ஆரம்பப் பள்ளி டீச்சர். அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தவள். அவள்தான் நடையாய் நடந்து டோரதியைக் கண்டுபிடித்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆனால் ஊர் ஆம்பூர், இவர்கள் சபைதான். பெண் பார்க்கப் போன அன்று கை கழுவப் பின்பக்கம் போனவன் காதில், சமையல்கட்டிலிருந்து டோரதியின் அம்மா சாராவின் குரல் விழுந்தது. "மாப்பிள்ளையா இவரு? பொண்ணுக்குப் பெரியப்பா மாதிரி இருக்காரு."

அதற்கு டோரதி என்ன பதில் சொன்னாள் என்று கேட்க அவன் நிற்கவில்லை. கையைக் கூடத் துடைக்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நிமிஷம் நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. "முடியா வந்து என்கூட குடும்பம் நடத்தப் போவுது? சும்மா இரும்மா" என்று அவள் சொன்னது அவனுக்குத் தெரியவே தெரியாது. எண்பத்தொன்று மே மாதத்திலேயே நிச்சயமும் ஆயிற்று. பொங்கல் கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஊரெல்லாம் சந்தோஷம். இவன் மனசில் மட்டும் அந்தப் 'பெரியப்பா' முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

ஜூனில், கம்பெனி டிரெயினிங் என்று அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினான். முடி நடுகிற டாக்டர் ஒருவர் இருப்பதாகப் பேப்பரில் ஒரு மூலையில் படித்திருந்தான். பின்மண்டையிலிருந்து முடியோடு சேர்த்து வட்டம் வட்டமாகத் தோலைத் துளைத்து எடுத்து, முன்னால் குழி போட்டு அதில் வைப்பார்கள். டாக்டர் கையிலிருந்த கருவி இவனுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஷூவில் கயிறு கோக்கத் துளை போடுவார்களே, அந்தப் பஞ்ச்தான். கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். மரத்துப்போன தலைக்குள் அது திருகுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரைக் கூப்பிட்டான்.

"நட்ட முடி முதல்ல கொட்டிடும், பயப்படாதீங்க. நாலஞ்சு மாசத்துல புதுசா முளைக்கும். முளைக்கிறப்போ பருவு வரும், கிள்ளாதீங்க. சீழ் கட்டினா உடனே வாங்க. தலைய மூடி வைக்காதீங்க, காத்துப் படட்டும்" என்றார் டாக்டர். பாவம், அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னார். இவனும் சரி சரி என்றுதான் தலையாட்டினான்.

நெற்றி அடிபட்டுத் தையல் போட்டிருக்கிறது என்று ஊரில் ஒரு கதை விட்டான். முடி கொட்டியது. பிறகு, செப்டம்பர் கடைசியில், பொம்மைத் தலையில் குத்தி வைத்த மாதிரி கொத்துக் கொத்தாக முளைக்கத் தொடங்கியது. கண்ணாடி முன்னால் நின்று தடவித் தடவிப் பார்த்து அழுதேவிட்டான். அந்தச் சந்தோஷம் பத்து நாள் கூட நிலைக்கவில்லை. முதல் பருவு நடுநெற்றிக்கு மேலே சிவப்பாய்த் தலைகாட்டியது. கை சும்மா இருக்குமா? கிள்ளினான். பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிறகு வரிசையாக, மஞ்சள் முனையோடு, தொட்டால் உயிர் போகிற வலியோடு கிளம்பின.

மறுபடி மெட்ராஸ் போனான். டாக்டர் கேப்ஸ்யூல் எழுதிக்கொடுத்தார். எல்லாம் வற்றிப்போயிற்று. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த முறை பருவு வந்தபோது ஐயா மெட்ராஸ் போகவில்லை. லீவு கேட்டால் ஏன் என்பார்கள், டாக்டர் பார்த்தால் நட்ட முடியைப் பிடுங்கிவிடலாம் என்பார். மருந்துக் கடையில் பழைய கேப்ஸ்யூல் பேரைச் சொல்லி ரெண்டு மூணு வாங்கிப் போட்டுக்கொண்டான். வற்றியதும் நிறுத்தினான். திரும்ப வந்தது. திரும்ப வாங்கினான். நவம்பரில் கேப்ஸ்யூலும் கேட்கவில்லை; யார் கண்ணிலும் படாமலிருக்கத் தலையில் கர்ச்சீப் கட்டிக்கொண்டான்.

கம்பெனியில் இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. தோல் மண்டியில் பச்சைத்தோல் தூக்குகிற ஒருவருக்குக் கழுத்தில் கொப்புளம் வந்து, நடுவில் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டி, ஒரு வாரத்தில் ஆளே போய்விட்டார். மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய் மனுஷனுக்கும் வரும் என்று தோல் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். தேவானந்தம் தினமும் கண்ணாடியில் கறுப்பு தெரிகிறதா என்று பார்த்தான். தெரிவது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. சோறு இறங்கவில்லை. யாரிடமாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கட்டிக்கொள்ளப் போகிறவளே நர்ஸ். அட மடையா, உலகத்தில் அவளைவிட யாரிடம் போய்க் கேட்பது?

ஆனால் அவளிடமிருந்துதானே மறைக்கிறான்! ஞாயிறு மதியம் அக்காவோடு வேலூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிற வழக்கத்தையும் விட்டான். வேலை ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பினான்.

கம்பெனியில் அவனுக்கு ஒரே தோஸ்த் நயீம் அகமது, ஸ்டோர் கீப்பர். தலையில் கட்டிய கர்ச்சீப்பில் சீழ் ஒட்டி ஈ மொய்ப்பதை அவன்தான் முதலில் பார்த்தான். விஷயத்தைப் பிடுங்கி வாங்கியதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாடா இது கூத்து! ஆஸ்பத்திரிக்குப் போடா."

"போறேன், போறேன். கல்யாணம் முடியட்டும். யாராண்டயும் சொல்லிடாத."

நயீம் பையிலிருந்து வெள்ளை நூல் தொப்பி ஒன்றை எடுத்து நீட்டினான். "அப்போ இத்தப் போட்டுக்க. கர்ச்சீப்பு கட்டினா ஆளாளுக்கு இன்னா இன்னான்னு கேப்பாங்க. இத்தப் போட்டா இந்த ஊர்ல எவனும் கேக்க மாட்டான்."

உண்மைதான். ஆம்பூர் தெருவில் ரெண்டு பேரில் ஒருவர் தலையில் அந்தத் தொப்பி இருக்கும். ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் தாங்களே ஒரு பதிலைச் செய்துகொண்டார்கள், அதுதான் வினை. அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் இஸ்லாத்துக்கு மாறுகிற பேச்சு வேறு. தேவானந்தமோ தொப்பியைக் கழற்றுவதில்லை. சர்ச்சுக்குள் ஆம்பிளை தலையை மூடக் கூடாது என்பதால் சர்ச்சுக்கும் போவதில்லை. பாடகர் குழுவில் அவன் இடம் காலியாகவே கிடந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரவில்லை, புது வருஷ ஆராதனைக்கும் வரவில்லை. சபையில் குசுகுசுவென்று ஆரம்பித்தது, பிறகு பிரியாணிக் கடை வாசலில் சத்தமாகவே பேசினார்கள். தேவானந்தம் துலுக்கனாகிவிட்டானாம். நயீம் தங்கச்சி நசீமா என்கிற நசீமுன்னிசாவைக் கட்டிக்கொள்ளப் போகிறானாம்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சபையில் பெண், மாப்பிள்ளை பேரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாஸ்டர் கேட்பார். ஓலை வாசிப்பது என்று சொல்வார்கள். முதல் ஓலை அன்று தேவானந்தம் வீட்டிலேயே கிடந்தான். மத்தியானம் ஜெயபுஷ்பம் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. பைபிளை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"டோரதி மாமா ஐசக் எழுந்து நின்னாருடா. மாப்பிள்ளை இந்தச் சபையில இருக்காரான்னு மொதல்ல தெரியணும்னாரு. அந்தப் பொண்ணுதான் பொம்பளைங்க பக்கத்துலருந்து எழுந்து, 'அவரு மாறல, எனக்குத் தெரியும்'னு சொல்லிச்சு. அத்தினி பேருக்கும் முன்னாடி, தன்னந்தனியா. இன்னாடா ஆச்சு உனக்கு? அக்காகிட்டயாவது சொல்லேன்." தொப்பிப் பக்கம் அவள் கை நீண்டதும், பாம்பைக் கண்டவன் மாதிரி பின்னால் நகர்ந்தான்.

அந்தப் பெண் அவனுக்காக ஊரையே எதிர்த்து நின்றிருக்கிறாள். அப்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டாமா? அவள் அன்று சாயங்காலம் வரை ஆம்பூரில்தான் இருந்தாள், நாலு தெரு தள்ளி. இவன் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான். இந்த ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஆறியதும் நல்ல முகத்தோடு போய் நிற்கலாம் என்று நினைத்தான். நினைக்க நினைக்கத் தலை விண் விண்ணென்று தெறித்தது.

சனிக்கிழமை நயீம் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"நசீமாவைப் பொண்ணு பாக்க வாணியம்பாடியிலருந்து வர்றதா இருந்தாங்க. வர்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்ல எங்க அம்மி ராவும் பகலும் அழுவுறாங்க." அவன் கண் தொப்பியிலேயே இருந்தது. "நான் குடுத்த தொப்பிடா அது. நானே கேக்கறேன். கழட்டிடு."

மறுநாள் தேவானந்தம் சர்ச்சுக்குப் போனான். தொப்பியோடு உள்ளே நுழைந்தவனைப் பார்த்துப் பாட்டே தடுமாறியது. இரண்டாம் ஓலை வாசித்து, பாஸ்டர் ஆட்சேபணை உண்டா என்று கேட்டதும் இவன் எழுந்தான். "நான் எங்கயும் போகல. இதுக்காகத்தான் போட்டுக்கினு இருந்தேன்" என்று தொப்பியை இழுத்தான். அது வரவில்லை. சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தான். பொருக்கோடு, நட்ட முடிக் கொத்து நாலைந்தும் சேர்ந்து வந்தது. ரத்தம் மூக்கு வரை வழிந்தது. யாரோ ஒரு அம்மாள் "ஐயோ ஆண்டவரே" என்று அலறினாள். ஐசக் தலை குனிந்துகொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து டோரதி எழுந்து வந்தாள். ஓடவுமில்லை, அழவுமில்லை. அவன் கையைப் பிடித்துப் பாஸ்டர் அறைக்குக் கூட்டிப்போய், வெந்நீர் கேட்டு வாங்கி, தன் முந்தானையைக் கிழித்துத் துடைத்தாள்.

"எப்போலருந்து?" என்று கேட்டாள்.

"மூணு மாசமா."

அன்றே வேலூருக்குக் கூட்டிப்போனாள். அவள் ஆஸ்பத்திரி டாக்டர் சீழை எடுத்துப் பரிசோதித்து, அடைப்பானும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். சாதாரணச் சீழ்தான். மருந்தை அரைகுறையாய்த் தின்றதாலும் தொப்பிக்குள் வெந்து கிடந்ததாலும் முற்றியிருந்தது. அழுகிய கொத்துகளை எடுத்தார்கள். புண் ஆறுகிறவரை கல்யாணம் தள்ளிப்போகட்டும் என்று இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள்.

வாரா வாரம் அவன் கட்டு மாற்ற வேலூர் போனான். டோரதிதான் மாற்றுவாள். அவள் விரல் தலையில் படும்போது எரிந்தாலும் அவனுக்குச் சுகமாக இருந்தது. இவ்வளவு அருவருப்பைப் பார்த்தும் முகம் சுளிக்காதவள், இனி என்ன குறை என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டே திரும்புவான். இப்படி ஒரு தங்கமானவளிடம் போயா மறைத்தோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வான். நசீமாவுக்கும் வாணியம்பாடிக்காரர்களே திரும்பி வந்து நாள் குறித்துவிட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நம்பினான்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் கடைசிக் கட்டை அவிழ்த்துப் பஞ்சைக் குப்பையில் போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"ஆறிடுச்சு. இனிமே நீங்க வரவேணாம்."

"அப்போ பாஸ்டர்கிட்ட தேதி கேக்கச் சொல்லி அக்காகிட்ட..."

"வேணாம்ங்க." துண்டில் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். "இந்தக் கல்யாணம் வேணாம். அக்காகிட்ட நானே வந்து சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அவன் கை தானாகத் தலைக்குப் போயிற்று. "இது... இந்தத் தழும்புனாலயா?"

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. கண்ணும் நிறைந்தது. "மொட்டைத் தலையோட வந்தப்பவே சரின்னு சொன்னவ நான். எங்கம்மாகிட்ட சண்ட போட்டுச் சொன்னவ. உங்க ஃப்ரண்டு தங்கச்சி பேரு கெட்டுச்சின்னதும் மறுநாளே கழட்டினீங்க. நல்லது. நான் அத்தினி பேர் முன்னாடி எழுந்து நின்ன அன்னிக்குக் கழட்டலியே. ஒரு வாரம், எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. அன்னிக்கு நீங்க நாலு தெரு தள்ளிதான் இருந்தீங்க." மூச்சு வாங்கினாள். "நாளைக்கு வேற ஏதாவது வந்தாலும் மூடித்தான் வைப்பீங்க. நான் வீட்டுக்குள்ள இருந்துக்கினே வெளியாள் மாதிரி காத்துக்கினு இருக்கணும். என்னால ஆவாதுங்க."

அவன் கெஞ்சவில்லை. கெஞ்சத் தெரிந்திருந்தால் ஜனவரியிலேயே கெஞ்சியிருப்பானே. சரி என்றான். அவள் அடுத்த படுக்கைக்குப் போனாள்.

ஆம்பூரில் பஸ் நின்றபோது நயீம் காத்துக்கொண்டிருந்தான். கையில் தங்கச்சியின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. கட்டில்லாத தலையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. வரிசையாய்க் குழிகளும், நடுவில் அங்கங்கே நாலு கொத்து முடியுமாக இருந்த அந்தத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாடா சொன்னாங்க?"

"ஆறிடுச்சாம்" என்றான் தேவானந்தம்.

"அப்புறம் இன்னா! நசீமா நிக்காஹ் முடிஞ்ச கையோட உன் கல்யாணம். பிரியாணி என் பொறுப்பு, சொல்லிட்டேன்" என்று நயீம் அவன் தோளில் கை போட்டு, பஜார் வழியாக நடத்திக்கொண்டு போனான். எத்தனை படி அரிசி, சமைக்க எந்தப் பண்டாரி என்று வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். தேவானந்தம் தலையை ஆட்டிக்கொண்டே போனான்.