இடது தோளில் அரை அங்குலம்

அடுத்த பிஷப் யார் என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். இதில் தெய்வ வெளிப்பாடு எதுவும் கிடையாது. அவர் அங்கி தைக்கிற டெய்லர். ஓட்டு எண்ணி முடிந்த எட்டாம் நாள் பதவியேற்பு. அந்த எட்டு நாளில் ஒரு ஊதா அங்கியைத் தைத்து முடிக்க முடியாது. முப்பத்து மூன்று பொத்தான், அத்தனைக்கும் கைக் காஜா, உள்ளே கழுத்திலிருந்து கணுக்கால் வரை லைனிங். அதனால் ஜெயிப்போம் என்று நினைக்கிற கோஷ்டி இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே சத்தமில்லாமல் வந்து துணியைக் கொடுத்துவிட்டுப் போகும். வெளியில் மட்டும் எல்லோரும் ‘ஆண்டவர் சித்தம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். முன்கூட்டித் தைப்பது தப்பில்லை, பிடிபடுவதுதான் தப்பு.

ஒரு முறை இரண்டு கோஷ்டியும் வந்தன. அப்பா இரண்டு அங்கியும் தைத்தார். இவருக்குத் தைப்பது அவருக்குத் தெரியாது, அவருக்குத் தைப்பது இவருக்குத் தெரியாது. தோற்றவருடைய அங்கி பிறகு நாற்காலி உறையாக மாறியது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஆர்டர் விஷயத்தில் அப்பா யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டார். “என்னைப் பொண்ணு பார்க்க வர்றதுக்கு முன்னாடியே இந்த வாயைத் தைச்சுட்டீங்களா?” என்று அம்மா கேட்பாள். அப்பா ஊசியில் நூல் கோப்பார். கடையில் காஜா போடுவது நான் என்பதால் எனக்கு மட்டும் தெரியும். எனக்கும் அதே வாய்ப்பூட்டுதான்.

அப்பா வாய் திறந்து பேசுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். சைக்கிள் பாதிரியார். சபை கார் கொடுத்தும் சைக்கிளில் வருவார். வெள்ளிக்கிழமை பிற்பகல் கடைக்கு வந்து, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் முக்காலியில் உட்காருவார். அரசியல், பல்வலி, பைபிளில் புரியாத வசனம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். வாலிபத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து அவருடைய கழுத்தெலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. இடது தோள் அரை அங்குலம் இறக்கம். அப்பா அவருக்குத் தைக்கிற ஒவ்வொரு அங்கியிலும் இடது தோளுக்குள் அரை அங்குலம் பஞ்சு வைப்பார். சைக்கிள் மிதிக்க வசதியாகப் பின்புறம் ஒரு வெட்டு, கண்ணாடிக்கு வலப்பக்கம் உள்ளே ஒரு பை. பீடத்தில் நிற்கும்போது நிமிர்ந்து, நேராகத் தெரிவார். அந்தப் பஞ்சைப் பற்றி எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய பிஷப் ஓய்வு பெறுகிறார் என்றதும் இரண்டு பெயர் அடிபட்டது. ஒன்று சைக்கிள் பாதிரியார். இன்னொன்று கட்டடப் பாதிரியார். அவர் போன இடமெல்லாம் ஏதாவது ஒன்றைக் கட்டி, வாசலில் தன் பெயரைப் பளிங்கில் பதித்துவிடுவார். பிஷப்பைத் தேர்ந்தெடுக்கும் மன்றத்தில் இருநூற்றுப் பத்து ஓட்டு. அதில் ஒன்று எங்கள் அத்தானுடையது, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். சபைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினைந்து வருஷமாக, பிஷப் கையெழுத்துப் போட்டால் கிடைக்கிற தலைமையாசிரியர் நாற்காலியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனவர். பேச்சில் தேன் தடவியிருக்கும். அப்பாவுக்கு அவர் என்றால் உயிர்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பள்ளி இடைவேளையில், அத்தான் ஒரு பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். உள்ளே ஊதாத் துணி, முதல் தரம்.

“மாமா, நூத்தி முப்பது ஓட்டு கையில இருக்கு. நம்ம சைக்கிள் ஐயாதான் வர்றாரு. எட்டு நாள்ல உங்களால முடியாது, இப்பவே வெட்டிடுங்க.”

ஐயாவுக்குத் தெரியுமா என்று அப்பா கேட்டார்.

“தெரிஞ்சா வேண்டாம்னுடுவாரு. அவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?”

அது உண்மை. அதனால்தான் அப்பா நம்பினார். நானும் நம்பினேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எங்கேயாவது உறுத்தியிருக்கும்.

அந்தப் பதினைந்து நாள் அப்பா இருந்த இருப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அளவு நோட்டைத் திறக்கவே இல்லை, எல்லாம் மனப்பாடம். வெட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். நான் போட்ட காஜாவில் நான்கைப் பிரித்து மறுபடி போடச் சொன்னார். இடது தோளுக்குப் பஞ்சு வைத்து, பொம்மைக்கு மாட்டி, தூர நின்று பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூல் தூசி விழுந்ததாம்.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் பாதிரியார் வந்தார். அப்பா அவசரமாகத் திரையை இழுத்துப் பொம்மையை மறைத்தார். இரண்டடி தூரத்தில், திரைக்கு அந்தப் பக்கம் அங்கி. இந்தப் பக்கம் அதற்குரிய ஆள்.

“என்ன மாஸ்டர், இன்னைக்கு முகத்துல பல்பு எரியுது?”

“ஒண்ணுமில்லைங்க ஐயா.”

அந்த ‘ஒண்ணுமில்லைங்க’வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிரியார் அப்போதே துணியைத் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் ஆர்டர் ரகசியம் ஆர்டர் ரகசியம்தான். அப்பா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். அத்தானுக்கு அது நன்றாகத் தெரியும். கணக்கு வாத்தியார் இல்லையா, கணக்குப் போட்டுத்தான் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார்.

அடுத்த வியாழக்கிழமை காலை அத்தான் வந்து, கடையில் ஆள் நடமாட்டம் அதிகம், தன் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி அட்டைப்பெட்டியில் அங்கியை வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை தேர்தல். பொதுமக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். அப்பா துவைத்த சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தார். அக்கா கைக்குழந்தையோடு எங்களுக்கு முன்வரிசையில் இருந்தாள். அத்தான் உறுப்பினர்களோடு இரண்டாவது வரிசையில்.

ஓட்டுப் போடுவதற்குச் சற்று முன்பு, கட்டடப் பாதிரியாரின் ஆள் ஒருவர் எழுந்து, ஒரு விஷயத்தை மன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. எங்கள் கடைப்பெட்டி. ஊதா அங்கியை உதறி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நாம் இன்னும் ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை, தாழ்மைக்குப் பெயர்போன நம் ஐயா அதற்குள் அங்கி தைத்துவிட்டார் என்றார்.

சைக்கிள் பாதிரியார் எழுந்து, தனக்கு எதுவும் தெரியாது என்றார். யாரோ சிரித்தார்கள். போட்டுப் பார்க்கட்டுமே என்று ஒரு குரல் வந்தது. வேண்டாம் என்று சொன்னால் பயந்ததாக ஆகிவிடும். அவர் போய் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. பின்புறம் சைக்கிள் வெட்டு. அவர் தன் கையால் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பின்வரிசையில் அப்பாவைத் தேடினார். அப்பா தன் வாழ்நாளில் தைத்த அங்கிகளிலேயே நல்ல அங்கி அது. அதைப் போட்டுக்கொண்டு அவர் கூட்டத்தின் நடுவில் குற்றவாளியாக நின்றார்.

தலைமை வகித்த பழைய பிஷப் அப்பாவை எழுந்திருக்கச் சொன்னார். இதைத் தைத்தது நீங்கள்தானா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார்.

“யார் சொல்லித் தைச்சீங்க?”

அத்தான் திரும்பவே இல்லை. பிடரி மட்டும் தெரிந்தது. அக்கா திரும்பினாள். அவளுக்கு முன்பே தெரியுமோ தெரியாதோ, அந்த நிமிஷத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“ஆர்டர் கொடுத்தவங்க பேரைச் சொல்றது எங்க கடையில வழக்கமில்லைங்க” என்றார் அப்பா.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. கூட்டாளியான பாதிரியாரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நம்பவைத்துக் கழுத்தறுத்தவர் இரண்டாவது வரிசையில் இருந்தார், கத்தி எங்கள் கையில் இருந்தது. அப்பாவை மட்டும் சொல்வானேன்? பக்கத்தில் நானும்தான் இருந்தேன். அத்தான் பொட்டலத்தைப் பிரித்ததைக் கண்ணால் பார்த்தவள். எனக்கும் வாய் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

பாதிரியார் மேலிருந்து கீழாக முப்பத்து மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவருக்கு விழுந்தது அறுபத்தோரு ஓட்டு.

திங்கட்கிழமை அப்பா அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசல் படியிலேயே நின்று, ஐயா, அந்தத் துணியைக் கொண்டுவந்தது யாரென்றால் என்று ஆரம்பித்தார். பாதிரியார் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“யாருன்னு எனக்குத் தெரியும் மாஸ்டர். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்க அங்க சொல்வீங்கன்னுதான் பார்த்துக்கிட்டு நின்னேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தார். அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவர் கடைக்கு வரவில்லை.

அதே வாரம் அத்தான் வந்தார், அதே அட்டைப்பெட்டியோடு. துணி நல்ல துணி, புதிய பிஷப்புக்கு இடுப்பில் கொஞ்சம் விட்டால் போதும், அந்தத் தோள் பஞ்சை எடுத்துவிடலாம் என்றார். குரலில் அதே தேன். அப்பா பிளேடை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். கை, முன்பாகம், பின்பாகம், கழுத்து. எல்லாவற்றையும் தட்டையாக மடித்துப் பெட்டியில் வைத்து நீட்டினார். அத்தான் வாங்கிக்கொண்டு போனார். அதுதான் அப்பா காட்டிய வீரம். இருநூறு பேர் முன்னால் காட்டியிருக்க வேண்டியதை, காஜா போடுகிற மகள் முன்னால் காட்டினார்.

பள்ளி திறந்ததும் அத்தான் தலைமையாசிரியரானார். அக்கா இனிப்புக் கொண்டுவந்தாள். அம்மா வாங்கி அலமாரியில் வைத்தாள், எறும்புதான் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா இப்போதும் மூன்றாவது பெஞ்சில்தான் உட்காருகிறார். பீடத்தில் சைக்கிள் பாதிரியார் ஆசீர்வாதம் கூறுகிறார். எல்லோரும் தலை குனிந்திருக்கும்போது அப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாதிரியார் இப்போது ரெடிமேட் அங்கி போடுகிறார். இடது தோள் இறங்கியிருக்கிறது.