குறை சொல்லி வாங்கிய வாத்தியார் வேலை

பிள்ளைகளே, "எங்கள் அப்பா வாத்தியார்" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்கள் அம்மாவுக்கும் தெரியாது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு இரண்டு வருஷம் அம்பத்தூரில் அண்ணன் வீட்டுச் சோறு தின்றேன். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போன உங்கள் அம்மாவை, "மாப்பிள்ளைக்கு வேலை ஆகட்டும், அனுப்புறேன்" என்று மாமனார் நிறுத்தி வைத்துக்கொண்டார். பெரியவன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று சொல்லக் கேட்டேனே தவிர, பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் கோவில்பதாகைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பேட்டிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

ஆவடியில் ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். ஏரிக்கரையில் என் வயசுக்காரர் ஒருவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அவரும் அதே பேட்டிக்குத்தான் வந்திருந்தார். குமணன்சாவடியிலிருந்து விடியுமுன்னே கிளம்பி நடந்தே வந்தாராம்.

"அவ்ளோ தூரமா?" என்றேன்.

"காலு பழகிப்போச்சு அண்ணாத்தே. எங்க அப்பாரு படியாளு. நான் சேரியிலேர்ந்து தெனம் நடந்துதான் படிச்சேன்," என்றார். மறைக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பேசிக்கொண்டே போனோம்.

பேட்டிக்கு நாங்கள் நான்கு பேர். தனித்தனியாகக் கூப்பிடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிரே நாலு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டரும், ஊரில் பெரிய பண்ணையக்காரரான பள்ளிக்கூடத் தலைவரும் நாற்காலியில் இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சொன்னார்: "ஒருத்தர் பாடம் நடத்தணும். மத்தவங்க ஆளுக்கு ஒரு குறை சொல்லணும். குறை கண்டுபிடிக்கத் தெரியாதவரு பிள்ளைங்க தப்பை எப்படித் திருத்துவாரு?" டிரெயினிங் பள்ளியிலும் இப்படித்தான் செய்வோம். புதிதில்லை.

முதல் ஆள் முடித்ததும் நான் எழுந்தேன். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் மீதி என்ன? அவசரத்தில் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டு, முப்பத்தைந்து என்று கரும்பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பெண் எழுந்து, "ஐயா, இருபத்தஞ்சு," என்றாள். வகுப்பே சிரித்தது. என்னைக் குறை சொல்ல யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

அடுத்தவர் ஏதோ நடத்தினார். கடைசியில் குமணன்சாவடிக்காரர் எழுந்தார். அதே மாதிரிக் கணக்கை, எண்ணைச் சின்னதாக்கி, பிள்ளைகளையே நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். பத்துப் பேர் கை கோத்து நின்றால் ஒரு பத்து. கடன் கேட்டால் கையை விட்டுவிட்டுப் பத்தும் தனித்தனி ஒன்றுகளாகப் பிரிந்து ஓடி வரவேண்டும். பிள்ளைகள் ஓடினார்கள், சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் கணக்கில் தப்புச் செய்யவில்லை. பலப்பம் பிடிக்கத் தெரியாத ஒரு பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்து எழுதவைத்தார்.

"என்ன குறை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதல் ஆள், "ஒண்ணும் இல்லீங்க," என்றார். அடுத்தவர், "கொஞ்சம் வேகமாப் பேசுறார்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார்கள். வேலை குமணன்சாவடிக்காரருக்குத்தான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கு உங்கள் அம்மா முகம் ஞாபகம் வந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, வந்தது, அவ்வளவுதான்.

"பிள்ளையைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கிறாருங்க," என்றேன். "அவரு எந்த இடம்னு கேட்டுட்டா நல்லது. பின்னாடி ஊர்லே பேச்சு வரக்கூடாது பாருங்க."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாப்பா, எந்தத் தெரு நீ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சேரிங்க," என்றார், சத்தம் குறையாமல்.

"சர்க்கார் உத்தரவுப்படி அதெல்லாம் பார்க்கக்கூடாதுங்க," என்றார் இன்ஸ்பெக்டர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

"உத்தரவு உங்க ஆபீஸ்லே இருக்கட்டும் சார். நாளைக்கு ஒரு பிள்ளை இங்க வராது." தலைவர் என் பக்கம் கை காட்டினார். "இவரு ஊர் நிலவரம் தெரிஞ்ச மனுஷன். கணக்கு போகப்போக வந்துடும்."

இன்ஸ்பெக்டர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

வெளியே வாசலில் குமணன்சாவடிக்காரர் நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அண்ணாத்தே, நான் எந்த இடம்னு கேக்கச் சொன்னீங்க. பாடத்துல இன்னா குறைன்னு சொல்லவே இல்லியே. சொன்னா, அடுத்த எடத்துல திருத்திக்குவேன்," என்றார்.

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். அவர் பாடத்தில் ஒரு குறையும் இல்லை. வேட்டியில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருக்கிறதுபோல் தட்டிக்கொண்டே நின்றேன். அவர் நடந்து போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். அந்த வாரமே மாமனார் உங்கள் அம்மாவையும் பெரியவனையும் கொண்டுவந்து விட்டுப் போனார்.