சொட்டு விழாத வண்டி

காரின் பின் அச்சில் ஊற்றும் கிரௌன் ஆயிலின் வாடை தெரியுமா உங்களுக்கு? அழுகிய முட்டையையும் கந்தகத்தையும் ஒன்றாகக் காய்ச்சியது போல இருக்கும். சட்டையில் பட்டால் மூன்று துவைப்புக்கும் போகாது. கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் எலெக்ட்ரிக் ரயிலில், எத்தனை கூட்டமானாலும் என் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருக்கும். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

பதினெட்டு வருடம் இருக்கும். தொழிற்பேட்டைக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில் கோபி அண்ணனின் தகர ஷெட். நான் அங்கே மெக்கானிக். இருபத்தாறு வயது.

எங்களிடம் ஓர் அம்பாசிடர் வரும். இரும்புக் கம்பெனி முதலாளி ஒருவர் தன் அப்பாவின் ஞாபகமாக வைத்திருந்தது. ஓட்டியவர் டேவிட் அண்ணன். அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் கூலி வேலை. ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் அவர்தான்.

முதலாளி புது வீட்டு போர்ட்டிகோவில் வெள்ளை மார்பிள் போட்டார். வினை அங்கே ஆரம்பித்தது. டேவிட் அண்ணன் ஷெட்டுக்கு வந்து புலம்பினார்.

"பேஜாரா கீதுபா. தெனம் காலைல கூப்ட்டு அந்த ஒரு சொட்டு எண்ணெய காட்றாரு. புது ஊடு இல்ல? இன்னொரு வாட்டி சொட்டுச்சின்னா வேற டிரைவர பாத்துக்கறேன்னுட்டாரு."

"வண்டி ஒழுவுனா டிரைவர மாத்துவாராண்ணா?"

"அது அவங்கப்பா வண்டியாச்சே. அத்த மாத்த முடியுமா?"

அம்பாசிடரின் பின் அச்சு நடுவில் பூசணிக்காய் போல ஒரு பெட்டி தொங்கும். உள்ளே கிரௌன் பல்சக்கரம் எண்ணெயில் சுற்றும். பெட்டி அச்சோடு வந்து சேரும் விளிம்பில், எண்ணெய் கசியாமலிருக்க ஒரு காகித பேக்கிங். கடையில் விற்பது மெலிசு என்பது கோபி அண்ணனின் தீர்மானம். கெட்டி அட்டையை விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், அட்டை ஓரத்தில் அறுந்து அதே வடிவத்தில் பேக்கிங் ஆகிவிடும்.

இரண்டு முறை மாற்றியும் சொட்டு நிற்கவில்லை. மூன்றாவதை, டேவிட் அண்ணன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பாதுகாப்பு வாரப் போஸ்டரில் தட்டினேன். 'விபத்தில்லா' என்ற சொல் பாதியோடு அறுந்து கீழே விழுந்தது.

நல்ல அட்டை.

இரண்டு பக்கமும் ஷெல்லாக் பசை தடவி, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். பிறகு அச்சின் மேல்புறத்துச் சேற்றைச் சுரண்டியபோது, அரிசி அளவு ஒரு துளை. சுற்றிலும் எண்ணெய் ஈரம். திருடனைப் பிடித்த சந்தோஷம் எனக்கு. ஈயம் வைத்து அடைத்துவிட்டேன்.

மறுநாள் மார்பிள் சுத்தம். அதற்கடுத்த நாளும்... டேவிட் அண்ணன் ஷெட்டுக்கே நாஷ்டா வாங்கிக்கொண்டு வந்தார். "கைல இன்னாபா வெச்சிகீற நீ!" என்று என் அழுக்குக் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தத் துளை பழுது அல்ல. வண்டி ஓடும்போது பெட்டிக்குள் சூட்டில் காற்று விரியும்; அது வெளியேறுவதற்காக வைத்த மூக்கு. நான் மூக்கை அடைத்தேன். முட்டிய காற்று எண்ணெயை அச்சு வழியாகத் தள்ளி, பின்சக்கரங்களின் பிரேக் ட்ரம்முக்குள் கொண்டுபோய் விட்டது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. மிகச் சுத்தமான வேலை.

மூன்றாவது வாரம் திருவள்ளூர் கோர்ட்டில் முதலாளிக்கு ஏதோ நிலத் தகராறு. அவரை ஏற்றிக்கொண்டு டேவிட் அண்ணன் பெரியபாளையம் ரோட்டில் போனார். நெல்லுக்கு மருந்தடித்துவிட்டு வந்த ஒருவர் சைக்கிளில் குறுக்கே வந்தார். டேவிட் அண்ணன் மிதித்தார். வண்டி நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

சைக்கிளில் வந்தவர் அங்கேயே இறந்தார்.

வண்டியைச் சோதித்த அதிகாரி, பத்தடி மெதுவாக ஓட்டி பிரேக்கை மிதித்தார். முன்சக்கர பிரேக் நிறுத்தியது. 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று எழுதினார். முதலாளி, தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அதுவும் உண்மைதான்.

நெளிவு எடுக்க வண்டி எங்களிடமே வந்தது. பின் ட்ரம்மைக் கழற்றினேன். எண்ணெய் என் மடியில் கொட்டியது. கோபி அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தொடச்சிடு நைனா. புது லைனிங் போடு. வாயத் தொறந்த, ஷெட்டும் போவும், நீயும் உள்ள போவ."

துடைத்தேன்.

ஜாமீனில் வந்த டேவிட் அண்ணன் நேராக ஷெட்டுக்கு வந்தார். முகச்சவரம் செய்யவில்லை. "நல்லாத்தாம்பா மிதிச்சேன். பிரேக்ல எதுனா இருந்துச்சா? வக்கீலு கேக்குறாரு."

"இல்லண்ணா. எல்லாம் சரியாத்தான் கீது."

குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "அப்ப நான்தான் லேட்டா மிதிச்சிகீறேன்."

ஆறு மாதம் தண்டனை. லைசென்ஸ் போனது. வேலையும்தான்.

இப்போது அந்த வரிசையில் தகர ஷெட்டே இல்லை. எல்லாம் கண்ணாடி ஷோரூம். கார்களும் சொட்டுவதில்லை. உள்ளே கோளாறு என்றால் ஒரு விளக்கு எரிந்து சொல்லிவிடுகிறது. அப்போது ஒரு மனிதன் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் இருந்த குறை அது ஒன்றுதான்.

நான் இப்போது ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். டேவிட் அண்ணன் அங்கேயே செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். ஸ்டேஷனிலிருந்து இருவருக்கும் ஒரே ஷேர் ஆட்டோ. இதை இங்கே எழுதுவதற்கு முன்னால், போன வாரம் ஆட்டோவில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை...

அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"அந்த ஓட்ட எம்மாம் பெருசுபா இருக்கும்?"

"அரிசி அளவுண்ணா."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு வைத்துப் பார்த்தார்.

முனையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. ஆட்டோக்காரர் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே, டேவிட் அண்ணனின் வலது கால் தகரத் தரையை அழுத்திவிட்டிருந்தது.