தமிழில் போன மனு

பழுப்புக் கடித உறையின் பசைவாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் கூடவே ஏலக்காய் மணக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனையில் எங்கள் வீட்டுக்குக் ‘காணிக் கந்தோர்’ என்ற அரச அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்று, உம்மா தேங்காய்ப்பாலில் இனிப்பாக வட்டிலப்பம் அவித்ததுதான் காரணம். மேற்கே காடு வெட்டித் திருத்தி, நான் பிறக்குமுன்பிருந்தே வாப்பா வேளாண்மை செய்துவந்த வயலுக்கு அரச உரிமைப் பத்திரமான ‘பெர்மிட்’ கேட்டுத் தமிழில் மனு எழுதியிருந்தார். வந்ததோ முழுக்கச் சிங்களம். அதில் எங்களுக்கு விளங்கியவை அரச முத்திரையும், காணி இலக்கமும், ஏதோ ஒரு திகதியும்தான்.

“எங்கட நம்பர்தான் புள்ள, காணி கிடைச்சிட்டு!” என்றார் வாப்பா. நல்ல செய்தியை யார் சந்தேகப்படுவார்கள்? அயல்வீடுகளுக்கெல்லாம் வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

ஒரு மாதம் கழித்துப் பெர்மிட் வாங்கக் கந்தோருக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். கடிதத்தைப் பார்த்த இலிகிதர், “விசாரணைக்கு ஏன் வரல்ல? திகதி போட்டிருக்குத்தானே. காணிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு” என்றார் தட்டுத்தடுமாறிய தமிழில்.

“நான் தமிழிலதானே ஐயா மனுப் போட்ட” என்று வாப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மாமா கொதித்துப்போய் வந்தார்.

“தமிழிலயும் அனுப்பணும் எண்டு சட்டத்தில இரிக்கி மச்சான்.”

“சட்டத்தில இரிந்தா கடிதத்தில ஏன் இல்ல?” என்றார் வாப்பா.

இருவரும் சேர்ந்து முறைப்பாடு எழுதினார்கள், தமிழிலேயே. அதற்கும் மறுமொழி வந்தது, சிங்களத்திலேயே. “வாசிச்சா மட்டும் காணி வருமா?” என்று வாப்பா அதை யாரிடமும் காட்டாமல் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அடுத்த போகம் அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போனார்.

பிறகு தமிழும் அரச கரும மொழி என்று சட்டம் வந்தது. அரச வேலைக்காக நான் சிங்களம் படித்தேன். இப்போது வயலும் இல்லை, வாப்பாவும் இல்லை. போன கிழமை அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த இரண்டாவது கடிதம் கிடைத்தது. பதினான்கு நாட்களுக்குள் நேரில் வந்தால் மறுபடியும் விசாரிப்பதாக எழுதியிருந்தார்கள்.

“என்ன மகள் எழுதியிரிக்கி?” என்று கட்டிலில் இருந்தபடி உம்மா கேட்டார்.

சிங்களம் எனக்கு மறந்துபோய்விட்டது என்று சொன்னேன்.