கடைக்காரர் அழிக்காமல் விற்ற லாப்டொப்

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து மாலையில் வெளியே போகாமல், கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் நானும் கணவரும் லாப்டொப்பில் கார் ரேஸ் விளையாடுவோம். புதிய கேம் போட்டால் அது சூடாகி நின்றுவிடும். ரேம் கூட்டினால் போதும் என்றேன் நான். புதிதே வாங்குவோம் என்றார் அவர்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைக்காரர் திறந்து பார்த்தார். "ரேம் போட்டும் பிரயோசனமில்லை அக்கா. இதில கிராபிக்ஸ் கார்ட் மாத்தேலாது. பழசைத் தந்திட்டுப் புதுசை எடுங்கோ."

"உள்ளுக்க கிடக்கிற என்ர தம்பியின்ர பேப்பர், போட்டோ எல்லாம்?"

"அழிச்சுப்போட்டுத்தான் விப்பன்."

நம்பிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில், அதை வாங்கிய மட்டக்குளி முஸ்லிம் பெண் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "'தம்பி'ண்டு பேர் போட்ட ஃபோல்டர்ல அடையாள அட்டை, கொழும்பில தங்கிற பொலிஸ் பதிவு, யாழ்ப்பாண போட்டோ எல்லாம் இதில ஈக்குது. ஒங்கட நம்பரும் ஈந்திச்சு. நான் ஒருத்தருக்கும் காட்டல்ல."

அப்போது யாழ்ப்பாணத் தமிழ் இளைஞர் என்றாலே சந்தேகம். தம்பியைப் பொலிஸார் ஏற்கனவே இருமுறை விசாரணைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். உடனே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் இருவருமாக அழித்தோம்.

பிறகு கடைக்குப் போய்க் கத்தினேன். கடைக்காரர் சிரித்தார். "ஒண்டும் நடக்கேல்லத்தானே அக்கா!"

நடக்காதது அந்தப் பெண்ணின் நல்ல மனதால். கடைக்காரரின் அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது பழைய லாப்டொப்பை எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், எல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்கை நானே கழற்றி எடுத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். "அது இல்லாட்டி விலை குறையும்" என்பார்கள். குறையட்டும்.